பெட்டி இல்லாமல் வந்தது

பெரம்பூர், சென்னை – 11
12-10-2025, ஞாயிறு

அன்புள்ள ராஜாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நீ, மருமகள், குட்டிப் பாப்பா மூவரும் நலமா? பாப்பாவுக்கு இருமல் என்று அம்மா சொன்னாள். வெந்நீர் கொடுக்கச் சொல்.

போன மாதம் 21ஆம் தேதி நீ வாட்ஸ்அப்பில் மூன்று வரி அனுப்பினாய். "அப்பா, ரூம்ல இருக்கற கேம் பெட்டி எல்லாத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்க. வித்துடலாம்னு இருக்கேன். எனக்கு எதையும் வெச்சுக்கத் தெரியலப்பா." அவ்வளவுதான். அதற்குப் பிறகு நீ போன் செய்யவில்லை. நான் செய்தால் மருமகள் எடுக்கிறாள். "அவர் தூங்கறார் மாமா" என்கிறாள். போன செவ்வாய்க்கிழமை நான் கூப்பிட்டபோது இங்கே மதியம் இரண்டு மணி. அங்கே ஜப்பானில் மாலை ஐந்தரை. சரி, உடம்புக்கு ஓய்வு வேண்டும்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

நீ சொன்னபடி போட்டோ எடுத்துவிட்டேன். நீ அங்கிருந்து கொண்டுவந்த பழைய வீடியோ கேம் செட்டுகளில் 30 பெட்டிக்கும் ஆறு பக்கமும் எடுத்தேன். மூலைகளைத் தனியாக, அடியில் இருக்கும் நம்பரைத் தனியாக, நீ முன்பு சொல்லிக்கொடுத்த மாதிரியே. பெட்டியில் இருக்கும் நம்பரும் செட்டின் அடியில் இருக்கும் நம்பரும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பார்த்து நோட்டில் எழுதியிருக்கிறேன். ஆனால் இன்னும் உனக்கு அனுப்பவில்லை. 31ஆவது பெட்டியைப் போட்டோ எடுக்கவே இல்லை. அது எது என்று உனக்குத் தெரியும். ஏன் எடுக்கவில்லை என்பதைப் பிறகு எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. அவசரப்பட்டு விற்காதே. அவசரத்தில் விற்றால் வாங்குகிறவன் முகத்தைப் பார்த்தே விலையைக் குறைப்பான். உன் பெரியப்பா மாம்பலம் வீட்டை விற்ற கதை உனக்குத் தெரியும். இந்தப் பொருள்களைப் பற்றி நானும் பேப்பரில் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். 2021 ஜூலையில் பிரிக்காத ஒரே ஒரு சூப்பர் மாரியோ 64 கேம் கேசட்டை அமெரிக்காவில் 15,60,000 டாலருக்கு ஏலம் எடுத்தார்கள். நம்மிடம் இருப்பது அந்த ரகம் இல்லை, எல்லாம் பிரித்தவை, பலர் கை பட்டவை. அதுவும் எனக்குத் தெரியும். இருந்தாலும் பொறுத்தால் தப்பில்லை. பணத்துக்காக என்று நான் நினைக்கவில்லை. தபால் ஆபீசில் என் பேரில் போட்டிருக்கும் தொகை இந்த மாதக் கடைசியில் முதிர்கிறது. எங்களுக்கு இங்கே பெரிய செலவு ஒன்றும் இல்லை. சும்மா தகவலுக்குச் சொன்னேன்.

பெட்டிகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. மழை தொடங்குவதற்குள் இந்த வருடமும் சிலிக்கா ஜெல் மாற்றிவிட்டேன். நீலமாக இருந்ததெல்லாம் ஈரம் குடித்து ரோஸ் நிறத்துக்கு வந்திருந்தது. அம்மாவின் பழைய வாணலியில் (அதை இப்போது சமையலுக்கு எடுப்பதில்லை) போட்டு மெல்லிய தீயில் வறுத்தேன். திரும்பவும் நீலம் வந்துவிட்டது. ரசகற்பூரம் போடவில்லை. பிளாஸ்டிக்குக்கும் தெர்மாகோலுக்கும் ஆகாது என்று நீ சொன்னதிலிருந்து அந்தப் பக்கமே போவதில்லை, வேப்பிலைதான். ராமபாணப் பூச்சி ஒன்று மெகா டிரைவ் செட்டின் பெட்டி ஓரத்தில் லேசாகச் சுரண்டியிருக்கிறது. நகத்தின் அளவுதான். அதையும் போட்டோவில் மறைக்கவில்லை. வாங்குகிறவனிடம் குறையைச் சொல்லிவிட்டுத்தான் விற்க வேண்டும்.

இன்னொரு விஷயம் கண்டுபிடித்தேன். நீ 2018இல் கொண்டுவந்தாயே, அந்தப் பெட்டியில் கன்ட்ரோலர் ஒயர் தெர்மாகோலோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஒயரின் மேலுறையில் மெத்துத்தன்மைக்காகச் சேர்க்கும் எண்ணெய் வருடக்கணக்கில் மெல்ல வெளியே வந்து தெர்மாகோலைக் கரைத்து, ஒயர் போன தடமே பள்ளமாக விழுந்துவிட்டது. இழுத்தால் பிய்யும். மெதுவாக எடுத்து, துடைத்து, ஒயரைக் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறேன். மற்ற எல்லாவற்றிலும் ஒயரைச் சுற்றிவிட்டேன். அப்படியே அடைத்து வைத்தால் பத்திரம் என்று நினைக்கிறோம், இல்லை. கேம் கியர் என்ற அந்தக் கையடக்கச் செட்டை உன் அனுமதியோடு போன வருடம் பிரித்தேன் அல்லவா, திறந்ததுமே கருவாட்டு வாடை. கெபாசிட்டர் எல்லாம் கசிந்து போர்டை அரித்திருந்தது. 38 வருடம் டிவி ரிப்பேர் பார்த்தவன் சொல்கிறேன், ஓடாத செட்டுதான் சீக்கிரம் கெடும். இத்தனை வருடத்தில் இந்த 31இல் ஒன்றைக்கூட நீ போட்டு விளையாடி நான் பார்த்ததில்லை. லீவுக்கு வருவாய், கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாக எடுப்பாய், துடைப்பாய், திரும்பப் பெட்டிக்குள் வைப்பாய். பாப்பா தொட வந்தால், "வேணாம்டா, உடைஞ்சுடும்" என்பாய். அதை நீ சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். டீ குடிக்கப் போகிறேன் என்று நினைத்திருப்பாய்.

உன்னைப் பற்றி எனக்கு எவ்வளவு பெருமை என்று நான் சொன்னதே இல்லை. பாப்பா பிறந்தபோது 2019இல் நாங்கள் ஒசாகா வந்திருந்தோமே, அப்போது நிப்பான்பாஷியில் டென்டென் டவுனுக்கு என்னைக் கூட்டிப் போனாய். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த நம் ரிச்சி தெருவை யாரோ கழுவித் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. கடைக்குக் கடை நீ ஜப்பானிய மொழியில் பேசினாய். கண்ணாடிக்குள் இருக்கும் செட்டைக் காட்டி, "இது 1987, பிசி எஞ்சின், இது 1990, சூப்பர் பேமிகாம்" என்று வரிசையாகச் சொன்னாய். ஒரு சூப்பர் பேமிகாமின் மேல் மூடி வெளுப்பாகவும் கீழ்ப்பாதி டீத்தண்ணி நிறத்திலும் இருந்தது. தீப்பிடிக்காமல் இருக்க பிளாஸ்டிக்கில் புரோமின் கலப்பார்கள், அதுதான் வெளிச்சம் பட்டு மஞ்சளாகிறது என்று விளக்கினாய். கடைக்காரர் உன்னை ஆமோதித்துத் தலையாட்டினார். நரசிங்கபுரம் தெருவில் எத்தனையோ பேருக்கு நான் பாடம் எடுத்தவன். என் மகன் எனக்குப் பாடம் எடுக்கிறான் என்று அன்று ராத்திரி அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாளவில்லை.

அந்தக் கடையில் ஒரு கேசட்டின் முதுகில் மார்க்கர் பேனாவால் ஜப்பானிய எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. முன்னால் வைத்திருந்த குழந்தையின் பெயர் என்றாய். பெயர் எழுதியிருந்தால் விலை குறையும் என்றாய். எனக்கு அது புரியவே இல்லை. ஒரு பிள்ளை இது என்னுடையது என்று எழுதி வைத்த பொருளுக்குத்தானே மதிப்பு அதிகம் இருக்க வேண்டும். சரி, அது உங்கள் சந்தைக் கணக்கு.

நின்டெண்டோவின் பேமிகாம் செட்டை வடிவமைத்த மசாயுகி உயெமுரா 2021 டிசம்பரில் இறந்தபோது நீ எனக்குப் போன் செய்து ஒரு மணி நேரம் பேசினாய், நினைவிருக்கிறதா? முன்பின் பார்த்திராத ஒரு மனிதருக்காக ஒரு மணி நேரம். இப்போது மூன்று வாரமாக அப்பாவோடு பேச ஐந்து நிமிடம் கிடைக்கவில்லை. குறை சொல்லவில்லை. வேலை இருக்கும். வேலை இருக்கிறதுதானே? உஜியில் போன வருடம் அக்டோபரில் நின்டெண்டோ அருங்காட்சியகம் திறந்தார்கள், பாப்பாவைக் கூட்டிப் போகப் போகிறேன் என்றாயே, போனாயா? ஒசாகாவிலிருந்து ரயிலில் போய்விடலாம் என்றாய். நேரம் இருக்கும்போது போய் வா. வீட்டிலேயே படுத்திருக்காதே. வேளாவேளைக்குச் சாப்பிடு. கிரெடிட் கார்டில் கடன் வைத்துக்கொள்ளாதே. அவசரப்பட்டு எதையும் விற்காதே.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. விடிந்து பார்த்தால் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். ராத்திரியே கரண்ட் போய்விட்டது. அம்மா டார்ச் பிடிக்க, நான் ஸ்டூல் போட்டு ஏறி, 31 பெட்டியையும் ஒவ்வொன்றாகப் பரணில் ஏற்றினேன். அம்மா, "ரேஷன் அரிசியை முதல்ல ஏத்துங்க" என்றாள். அரிசி பிறகு என்றேன். தண்ணீர் திண்ணையோடு நின்றுவிட்டது, உள்ளே வரவில்லை. மறுநாள் நீ போனில், "பெட்டிக்காக ஏன்பா ஸ்டூல்ல ஏறினீங்க, இந்த வயசுல" என்று திட்டினாய். உனக்காக ஏறினேன் என்று நினைத்தாய். பாதி அதுதான். மீதியை இன்று எழுதிவிடுகிறேன், இனியும் தள்ளிப்போட எனக்கு மனசு இல்லை. நீ எழுதிய மூன்றாவது வரியைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

1995இல் உன் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு நான் ஒரு வீடியோ கேம் கொண்டுவந்தேன். சிவப்பும் வெள்ளையுமாக, ஜப்பான் செட். இரண்டு கன்ட்ரோலரும் செட்டிலேயே பிணைத்தது, இரண்டாவதில் மைக் இருக்கும். மஞ்சள் நிறத்தில் ஒரு மாரியோ கேசட். தெருவில் மற்ற பிள்ளைகள் வைத்திருந்தது எல்லாம் பர்மா பஜாரில் வாங்கிய லோக்கல் செட். உன்னுடையது அசல் நின்டெண்டோ. நம் சாலிடேர் டிவியில் போட்டால் படம் மேலும் கீழும் உருளும். பின்னால் இருக்கும் திருகை வைத்துச் சரி செய்து கொடுத்தேன். அந்த நாட்டு கலர் முறை வேறு என்பதால் கலர் வராது, கறுப்பு வெள்ளையில்தான் தெரியும். உனக்கு அதுவே போதுமாக இருந்தது. பையைப் பிரித்ததும் நீ கேட்ட முதல் கேள்வி, "பெட்டி எங்கப்பா?" பெட்டி இல்லாமல் வாங்கினால் விலை குறைவு என்று சொன்னேன்.

ராஜா, நான் அதை வாங்கவில்லை.

அது ராயபுரத்திலிருந்து ஒருவர் ரிப்பேருக்குக் கொடுத்தது. கப்பலில் வேலை பார்த்தவர். ஜப்பானில் 100 வோல்ட், நம் ஊரில் 230. அது தெரியாமல் அடாப்டரை நேராகச் சொருகிவிட்டார். அடாப்டர் எரிந்து, உள்ளே 7805 ரெகுலேட்டரும் போய்விட்டது. 1994 ஜனவரியில் கொடுத்தார். இரண்டு நாளில் ரெகுலேட்டர் மாற்றி, நம் ஊர் அடாப்டரான எலிமினேட்டர் ஒன்றில் ஒயரை மாற்றிப் பிடித்து (அந்தச் செட்டுக்கு நடுமுனை நெகட்டிவ், நம் ஊர் எலிமினேட்டரை அப்படியே போட்டால் திரும்பவும் போய்விடும்), நம் டிவி பிடிக்கிற சேனலுக்கு மாடுலேட்டரையும் மாற்றி வைத்தேன். அவர் வரவில்லை. 30 நாளில் எடுக்காவிட்டால் கடை பொறுப்பல்ல என்று போர்டு எழுதியிருந்தது உனக்குத் தெரியும். ஒரு வருடம் போயிற்று, அதற்கு மேலும் ஐந்து மாதம் போயிற்று. இனி வரமாட்டார் என்று நினைத்தேன். அந்த வருடம் கடை சரியாக ஓடவில்லை. உன் பிறந்தநாளுக்குச் சட்டை எடுக்கக்கூடக் கையில் பணம் இல்லை. அலமாரியில் தூசி படிந்து கிடந்ததைத் துடைத்து, துணிப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஓனர் வந்தால் என்ன செய்வது என்று அன்று நான் யோசிக்கவே இல்லை. உன் முகத்தைத்தான் யோசித்தேன்.

ஆகஸ்ட் 16ஆம் தேதி அவர் வந்தார். அந்தப் புதன்கிழமை. காலை பதினோரு மணி இருக்கும். கப்பலில் ஒரு வருடத்துக்கு மேல் போய்விட்டதாம், மன்னிப்புக் கேட்டார். என் மேல் தப்பு, அவர் மன்னிப்புக் கேட்கிறார். கையில் ஒரு அட்டைப் பெட்டி. எடுத்துப் போவதற்காக வீட்டிலிருந்து காலிப் பெட்டியைக் கொண்டுவந்திருந்தார். திறந்து காட்டினார். உள்ளே தெர்மாகோலில் செட்டுக்கு ஒரு இடம், இரண்டு கன்ட்ரோலருக்கும் ஒயருக்கும் ஒவ்வொரு இடம், எல்லாம் அச்சுப் போல வெட்டியிருந்தது. "பையன் பெட்டியைத் தூக்கிப்போட விடமாட்டேன்னுட்டான்" என்றார். அவருக்கும் ஒரு பையன் இருந்தான். உன் வயசுதான் இருக்கும்.

டெஸ்டிங்கில் இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் வாருங்கள் என்று சொல்லிவிட்டு சைக்கிளில் வீட்டுக்கு வந்தேன். நீ ஸ்கூலில். அம்மா கடைக்குப் போயிருந்தாள். செட்டின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தாய். கை வைத்தேன், சூடாக இருந்தது. அதில் லைட் கிடையாதே, ஓடுகிறதா இல்லையா என்று பார்த்தால் தெரியாது. டிவியைப் போட்டேன். கறுப்பு வெள்ளையில் மாரியோ ஒரு மேட்டின் மேல் அப்படியே நின்றுகொண்டிருந்தான். மேலே எட்டாவது உலகம் என்று நம்பர். முந்தின நாள் சுதந்திர தின லீவில் அவ்வளவு தூரம் வந்திருக்கிறாய். அந்த கேசட்டில் பதிந்து வைக்க வழி இல்லை, அணைத்தால் முதலிலிருந்துதான். அதனால் அணைக்காமல், டிவியை மட்டும் அணைத்து, துண்டு போட்டு மூடிவிட்டுப் பள்ளிக்கூடம் போயிருக்கிறாய்.

நான்தான் அணைத்தேன். ஒயரைச் சுற்றிப் பையில் போட்டு எடுத்துப் போய், அந்தப் பெட்டியின் பள்ளங்களில் ஒவ்வொன்றாக வைத்து மூடிக் கொடுத்தேன். அவர் 250 ரூபாய் கொடுத்தார்.

சாயங்காலம் நீ ஸ்கூல் பையைக்கூட இறக்காமல் டிவியிடம் ஓடினாய். உண்மையைச் சொல்லியிருக்கலாம். அது வேறொருவருடையது, அப்பா தப்புச் செய்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் நீ அழுதிருப்பாய், அடுத்த வாரம் மறந்திருப்பாய். எனக்கு வாய் வரவில்லை. அடுத்தவன் பொருளைக் கொண்டுவந்து மகனுக்குப் பிறந்தநாள் பரிசு என்று கொடுத்தவன் நான். அதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. "ராத்திரி முழுக்க ஆன்லயே வெச்சிருக்க, புகை வந்து எரிஞ்சுபோச்சு, தூக்கிப் போட்டுட்டேன். ஒரு பொருளை வெச்சுக்கத் தெரியுதா உனக்கு?" என்றேன். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று ராத்திரி சாப்பிடவும் இல்லை.

அது பொய், ராஜா. அந்தச் செட் இழுக்கிற கரண்ட் ஒரு ஜீரோ வாட் பல்பு இழுப்பதைவிடக் குறைவு. ஒரு ராத்திரி இல்லை, ஒரு வாரம் ஓடினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. டிவி மெக்கானிக்குக்கு அது தெரியாதா? நீ எதையும் எரிக்கவில்லை. நீ எதையும் உடைக்கவில்லை. அது நல்ல நிலையில் ராயபுரத்துக்குப் போனது.

அம்மாவுக்கு இரண்டு நாள் கழித்துச் சொன்னேன். பத்து நாள் அவள் என்னோடு பேசவில்லை. பையனிடம் நீங்களே சொல்லுங்கள் என்றாள். தீபாவளி போனஸ் மாதிரி கொஞ்சம் பணம் வந்தது, பர்மா பஜாரில் ஒரு லோக்கல் செட் வாங்கித் தருகிறேன் என்று உன்னைக் கூப்பிட்டேன். நீ என்ன சொன்னாய் தெரியுமா? "வேணாம்பா, நான் உடைச்சுடுவேன்." ஒன்பது வயதுப் பிள்ளை. அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பத்தாவது முடிந்து சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்றபோதும் வேண்டாம் என்றாய். காலேஜில் வாட்ச் வாங்கிக் கொடுத்தேன், அது இன்னும் அதன் டப்பாவிலேயே இருக்கிறது. நல்ல பிள்ளை, ஆசையே இல்லாத பிள்ளை என்று சொந்தக்காரர்களிடம் எல்லாம் நானே பெருமை அடித்துக்கொண்டிருக்கிறேன்.

2017இல் முதல் தடவை லீவுக்கு வந்தபோது பெட்டியைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்தாய். என் முன்னால் திறந்தாய். "பாருங்கப்பா, அதே செட். 1983ல வந்தது, அப்ப 14,800 யென். பெட்டியோட!" என்றாய். அதே தெர்மாகோல். அதே பள்ளங்கள். நான் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஸ்டேஷன் வரை நடந்து போய்ப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் நீ ஒரு பெட்டி கொண்டுவரும்போது, இந்தத் தடவை சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். எட்டு வருடம் நினைத்திருக்கிறேன்.

இப்போது நீ எழுதியிருக்கிறாய், எனக்கு எதையும் வெச்சுக்கத் தெரியலப்பா என்று. நீ எதை நினைத்து எழுதினாய் என்று எனக்குத் தெரியாது. வேலையா, வீடா, வேறு ஏதாவதா, நான் கேட்கவில்லை, நீ சொன்னால் கேட்டுக்கொள்வேன். ஆனால் அந்த வார்த்தை உன்னுடையது இல்லை. அது நான் சொன்னது. என் திருட்டை மறைக்க உன் தலையில் வைத்தது. அதை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். 30 வருடம் கழித்து எடுத்துக்கொண்டால் ஆகுமா என்று தெரியவில்லை, இருந்தாலும் எடுத்துக்கொள்கிறேன்.

31ஆவது பெட்டிக்கு, 2017இல் நீ மடியில் வைத்துக் கொண்டுவந்த அந்தப் பெட்டிக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதைத் திறந்தேன். உன்னைக் கேட்காமல் திறந்தது தப்புதான். அடியில் திருகைக் கழற்றி உள்ளே பார்த்தேன். கெபாசிட்டர் உப்பவில்லை, கசியவில்லை. கேசட்டின் முனையை ஸ்பிரிட்டில் துடைத்தேன், ஊதவில்லை, வாய் ஈரம் பட்டால் துரு ஏறும். நீ வாங்கி வைத்த 100 வோல்ட் டிரான்ஸ்பார்மரில் அடாப்டரைப் போட்டு முதலில் மீட்டரில் பார்த்தேன். சரியாக இருந்தது. நம் சாலிடேர் இருந்திருந்தால் ஜப்பான் சேனலைப் பிடித்திருக்காது, கேபிள் காலத்து 21 அங்குலம் ஒன்று மாடியில் வைத்திருக்கிறேனே, அது பிடித்தது. அது எல்லா நாட்டு கலரும் எடுக்கும். மாரியோ வந்தான். கலரில் வந்தான், ராஜா. வானம் நல்ல நீலம். உனக்கு நான் அதைக் கறுப்பு வெள்ளையில்தான் காட்டியிருக்கிறேன்.

எனக்கு விளையாட வரவில்லை. முதல் பள்ளத்தைத் தாண்டுவதற்குள் மூன்று தடவை செத்துப்போனேன். ஒரு தடவை எப்படியோ தாண்டி, ஸ்டார்ட் பட்டனை அழுத்தி நிறுத்தினேன். டிவியை மட்டும் அணைத்தேன், நிற்கிற படம் டியூபில் பதிந்துவிடும். செட்டை அணைக்கவில்லை. மேலே ஒரு துண்டு போட்டு மூடியிருக்கிறேன். வெள்ளி சாயங்காலம் ஏழு மணிக்குப் போட்டது. இதை எழுதும்போது ஞாயிறு மாலை நாலு மணி. 45 மணி நேரம் ஆகிறது. ராத்திரி இரண்டு தடவை எழுந்து போய்க் கை வைத்துப் பார்த்தேன். இளஞ்சூடுதான். புகை இல்லை, வாடை இல்லை. அம்மா ஒன்றும் கேட்கவில்லை, விளக்கேற்றும்போது அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

மற்ற 30 பெட்டியை விற்பதானால் விற்றுக்கொள், உன் பொருள், போட்டோக்களை இன்று ராத்திரி அனுப்பிவிடுகிறேன். விலை பேசும்போது அவசரப்படாதே. தபால் ஆபீஸ் பணத்தை மறக்காதே. இந்த ஒன்றை மட்டும் நான் யாருக்கும் கொடுக்கமாட்டேன். நீ வரும்வரை இது ஓடட்டும்.

வருகிற 20ஆம் தேதி, திங்கள், தீபாவளி. அம்மா அதிரசத்துக்கு மாவு இடித்து வைத்திருக்கிறாள். பாப்பாவுக்குப் பாவாடை சட்டை தைத்துவிட்டோம், அளவு போன வருடத்து அளவுதான், வளர்ந்திருப்பாள். மருமகளிடம் நான் கோபமாக இல்லை என்று சொல். எந்த நேரம் என்றாலும் போன் செய். அங்கே விடிகாலை என்றாலும் சரி, இங்கே நான் முழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா